பர்ப்பிள் ஹார்ட் பதிவுத் திருத்தம்: பதக்கம் கையில் இருக்கிறது, டிடி 214-இல் இல்லை

#1 மிச்சிகன்_மருமகள்

வணக்கம். எதிரியால் காயம்பட்ட அமெரிக்கப் படைவீரருக்குத் தரும் பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் பற்றி என் மாமனாருக்காகக் கேட்கிறேன். அமெரிக்கத் தரைப்படை, 25ஆவது காலாட்படை டிவிஷன், வியட்நாம், 1969. மோர்ட்டார் சில்லு இடது தோளிலும் விலாவிலும் பாய்ந்தது. கூ சீயில் இருந்த 12ஆவது எவாக்குவேஷன் ஆஸ்பத்திரி, அங்கிருந்து ஜப்பான். ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே பதக்கத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்களாம். 1970இல் விடுவிப்பு.

விடுவிப்புச் சான்றான டிடி 214-இன் 24ஆம் கட்டத்தில் (விருதுகள்) வியட்நாம் சர்வீஸ் மெடல், காலாட்படை பேட்ஜ் எல்லாம் இருக்கின்றன. பர்ப்பிள் ஹார்ட் மட்டும் இல்லை. எங்களிடம் இருப்பவை டிடி 214, மங்கிப்போன ஒரு ஆஸ்பத்திரி கவர் ஷீட், அப்புறம் அந்தப் பதக்கம். டிடி 149 (பதிவைத் திருத்தக் கேட்கும் படிவம்) நிரப்பி நேராகப் பதிவுத் திருத்த வாரியத்துக்கு அனுப்பிவிடலாமா? படைவீரர் கோப்புகள் இருக்கும் செயின்ட் லூயிஸ் ஆவணக்காப்பகத் தீயில் கோப்பு எரிந்திருக்கும், தேடிப் பயனில்லை என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார்.

#2 கோப்புப்_புழு

தீயைப் பற்றிச் சொன்னவர் தவறாகச் சொல்லியிருக்கிறார். 1973 ஜூலை 12 தீயில் போனவை, தரைப்படையில் 1912 நவம்பர் 1 முதல் 1960 ஜனவரி 1 வரை விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகள் (அதில் சுமார் 80%). விமானப்படையில் 1947 செப்டம்பர் 25 முதல் 1964 ஜனவரி 1 வரை விடுவிக்கப்பட்டவர்களில், அகர வரிசையில் 'ஹப்பர்ட்' என்ற பெயருக்குப் பின் வருபவர்கள் (சுமார் 75%). 1970இல் வெளியே வந்தவர் கோப்புக்கும் அந்தத் தீக்கும் சம்பந்தம் இல்லை. ஏதாவது காகிதம் கிடைக்காவிட்டால் எல்லாரும் தீயின் மேல் போட்டுவிடுகிறார்கள்.

வாரியத்துக்கு இப்போது எதையும் அனுப்ப வேண்டாம். முதலில் எஸ்எஃப் 180 படிவம் (பழைய படைக் கோப்பு கேட்பதற்கு), அல்லது தேசிய ஆவணக்காப்பகத் தளத்தில் ஆன்லைன் விண்ணப்பம். அதில் 'டிடி 214 நகல் வேண்டும்' என்று மட்டும் எழுதினால் ஒரே ஒரு தாள் வரும், நீங்களும் அதோடு திரும்பிவிடுவீர்கள். முழு ஆளணிக் கோப்பும் மருத்துவப் பதிவும் வேண்டும், குறிப்பாக டிஏ 20 (அவருடைய பணி வரலாறு) படிவத்தின் எல்லாப் பக்கங்களும் வேண்டும் என்று எழுதுங்கள். கையெழுத்து மாமனாருடையதாக இருக்கட்டும். விடுவிப்பு நடந்து 62 ஆண்டு ஆகாத கோப்பு என்பதால், அவர் ஒப்புதல் இல்லாமல் முழுசாகத் தரமாட்டார்கள்.

அதோடு ஒரு தனி விண்ணப்பம். உள்நோயாளி ஆஸ்பத்திரிப் பதிவுகள் ஆளின் கோப்பில் இருக்காது. ஆஸ்பத்திரியின் பெயர், ஆண்டு என்ற வரிசையில் அடுக்கி வைத்திருப்பார்கள். '12ஆவது எவாக்குவேஷன் ஆஸ்பத்திரி, கூ சீ, 1969, இன்ன மாதம்' என்று எழுதினால்தான் அந்த அடுக்குக்குப் போவார்கள். ஜப்பான் ஆஸ்பத்திரிக்கும் அப்படியே. இதைக் கேட்காமல் விட்டுத்தான் பல பேருக்கு 'மருத்துவப் பதிவு இல்லை' என்று பதில் வருகிறது.

#3 சட்டக்கிளி

புழு சொன்ன வரிசை சரி. ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன்.

பர்ப்பிள் ஹார்ட் யாரும் சிபாரிசு செய்து தரும் பதக்கம் இல்லை. தகுதி நிரூபணமானால் கொடுத்தே ஆகவேண்டியது. அதனால் காலக்கெடுவும் கிடையாது. வீரச் செயலுக்கான பதக்கங்களுக்கு அமெரிக்க நாடாளுமன்ற (காங்கிரஸ்) உறுப்பினர் வழியாகப் போகும் '1130 பிரிவு' என்ற பாதை இதற்குத் தேவையே இல்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு தப்பான கதவைத் தட்டுகிறவர்கள் அதிகம்.

தரைப்படை விதி 600-8-22 மூன்று விஷயம் கேட்கிறது. காயம் எதிரியின் செயலால் வந்திருக்க வேண்டும். அதற்கு மருத்துவ அதிகாரியின் சிகிச்சை தேவைப்பட்டிருக்க வேண்டும். அந்தச் சிகிச்சை அதிகாரபூர்வப் பதிவில் ஏறியிருக்க வேண்டும். மூன்றில் இரண்டு இருந்தாலும் மறுப்புதான். நிராகரிப்புகளைப் படித்தால் பெரும்பாலும் 'நீங்கள் காயமே படவில்லை' என்று வாரியம் சொல்வதில்லை. காயம் ஒரு தாளில், எதிரி வேறு தாளில், இரண்டையும் இணைக்கும் தேதி எந்தத் தாளிலும் இல்லை என்பதுதான் சிக்கல்.

எந்த அலுவலகம்: முதலில் கென்டக்கியில் ஃபோர்ட் நாக்ஸில் உள்ள எச்ஆர்சியின் (தரைப்படையின் மனிதவள அலுவலகம்) விருதுப் பிரிவு. அங்கே மறுத்த கடிதம் கையில் இருந்தால்தான் பதிவுத் திருத்த வாரியம். கீழே கேட்காமல் மேலே போனால், நிர்வாக வழிகளை முடித்துவிட்டு வா என்று விண்ணப்பம் திரும்பும். கடற்படை, மரீன் ஆட்களுக்கும் விமானப்படைக்கும் வாரியம் வேறு, விதிப்புத்தகமும் வேறு. இந்த இழையில் சொல்வது தரைப்படைக்கு மட்டும்.

#4 நர்ஸ்_தேவி

மருமகள், அந்தக் கவர் ஷீட்டில் கீழ்மூலையில் 'டிஏ 8-275' என்று இருக்கிறதா? இருந்தால் அது நல்ல காகிதம். நோய் நிர்ணயக் கட்டத்தில் உள்ள சுருக்கெழுத்தை அப்படியே இங்கே போடுங்கள். 'எம்எஃப்டபிள்யூ' என்றால் பல சில்லுக் காயங்கள், 'ஜிஎஸ்டபிள்யூ' என்றால் துப்பாக்கிக் காயம். அதற்குப் பக்கத்தில் 'ஐஎச்ஏ' அல்லது 'ஹாஸ்டைல்' என்று ஏதாவது தெரிகிறதா பாருங்கள். எதிரிச் செயலால் வந்தது என்று டாக்டர் எழுதும் இடம் அதுதான். மங்கிய நகலை 600 டிபிஐயில் கலர் ஸ்கேன் செய்து கான்ட்ராஸ்டைக் கூட்டிப் பாருங்கள். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் கார்பன் எழுத்து காணாமல் போய்விடும்.

#5 மிச்சிகன்_மருமகள்

எண் அதேதான். 'எம்எஃப்டபிள்யூ, இடது தோள், இடது மார்புச் சுவர், தமனி நரம்பு பாதிப்பு இல்லை' என்று இருக்கிறது. 'பணியின்போது: ஆம்'. அதற்குப் பிறகு ஒரு வரி மடிப்பில் போய்விட்டது. எதிரி என்ற சொல்லே கண்ணில் படவில்லை.

இன்னொன்று, விஏ (முன்னாள் படைவீரர் நலத்துறை) இதே தோளுக்கும் தழும்புக்கும் பல வருடமாக ஊனத்தொகை தருகிறது. அரசாங்கமே ஒப்புக்கொண்ட காயம்தானே, அந்தக் கடிதம் போதாதா?

#6 ஓக்லஹோமா_ராசு

போதாதுங்க. விஏ பார்ப்பது 'பணிக்காலத்தில் வந்த பாதிப்பா' என்பதை. ஜீப் கவிழ்ந்தாலும் சமையலறையில் எண்ணெய் கொட்டினாலும் அங்கே ஆம்தான். தவிர, சந்தேகம் இருந்தால் விஏ வீரர் பக்கம் சாயும். போர்க்களத்தில் இருந்தவர் வாய்ச்சொல்லையே ஏற்கச் சொல்லும் சட்டப் பிரிவு ஒன்றும் (1154-பி) அவர்களுக்கு இருக்கிறது. திருத்த வாரியம் நேர் எதிர்த் திசையில் தொடங்குகிறது. படை வைத்திருக்கும் பதிவு சரி என்பது அதன் முன்முடிவு; தவறு என்று காட்டும் ஆதாரத்தின் எடை கூடினால்தான் மாறும். ஒரே காகிதம் ஒரு வாசலில் செல்லும், மறு வாசலில் செல்லாது.

'பணியின்போது: ஆம்' என்பதற்கும் அதே கதைதான்.

ஆனால் விஏவிடம் உங்களுக்கு வேறு வேலை இருக்கிறது. ஊனத்தொகைக்கு விண்ணப்பித்தபோது செயின்ட் லூயிஸிலிருந்த அவருடைய மூல மருத்துவப் பதிவு விஏவுக்குப் போயிருக்கலாம். போயிருந்தால் செயின்ட் லூயிஸ் 'எங்களிடம் இல்லை' என்று சொல்லும், அது பொய்யும் இல்லை. விஏ படிவம் 20-10206 நிரப்பி முழுக் கோப்பின் நகலைக் கேளுங்கள். அந்த மடிப்பில் போன வரி, மடிக்காத நகலாக அங்கே கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

எக்ஸ்ரே அறிக்கையில் 'உலோக அந்நியப் பொருள்' என்று இருந்தால் எடுத்து வையுங்கள். அது யாருடைய உலோகம் என்று எக்ஸ்ரே சொல்லாது, துணை ஆதாரமாக நிற்கும்.

#7 பாபு_சான்ஹோசே

பதக்கமே கையில் இருக்கே சார், அது ஆதாரம் இல்லையா?

#8 சட்டக்கிளி

இல்லை. யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கலாம், பின்புறம் பெயரும் பொறிக்கலாம். பதக்கம் வழங்கிய ஆணையின் எண் வேண்டும்.

#9 கோப்புப்_புழு

ஆணை எண் ஏன் காணாமல் போகிறது என்பதைப் புரிந்துகொண்டால் எங்கே தேடுவது என்று தெரியும்.

வியட்நாமில் காயப்பட்டவருக்குப் பதக்க ஆணையை அவர் யூனிட் மட்டும் போடவில்லை, ஆஸ்பத்திரித் தலைமையகங்களும் 'ஜெனரல் ஆர்டர்' போட்டன. கட்டிலில் கிடந்தவர்களுக்குப் பதக்கம் கொடுத்துவிட்டு, பெயர்ப் பட்டியலோடு ஆணை டைப் ஆகும். அதற்குள் ஆள் ஜப்பானுக்குப் பறந்திருப்பார். கூ சீயில் உள்ள பட்டாலியன் எழுத்தர் ஆணையைப் பார்க்கவே இல்லை. ஜப்பான் ஆஸ்பத்திரி எழுத்தரிடம் டிஏ 20 வந்து சேரவில்லை. விடுவிப்பு முகாமில் டிடி 214 டைப் செய்தவர் டிஏ 20-ஐப் பார்த்துத்தான் அடித்தார். அங்கே இல்லாதது இங்கேயும் இல்லை.

ஆகவே தேட வேண்டியது யூனிட்டின் ஆணைகளை மட்டும் அல்ல, 12ஆவது எவாக் ஆஸ்பத்திரியின் 1969 ஜெனரல் ஆர்டர்களையும். எச்ஆர்சியிடம் 'ஏடிகார்ஸ்' என்ற தேடுபட்டியல் உண்டு, 1965 முதல் 1973 வரையிலான வியட்நாம் கால விருது ஆணைகளுக்கானது. அதில் பெயர் இல்லை என்றால் ஆணை இல்லை என்று பொருள் இல்லை. பெயரெழுத்து மாறியிருக்கலாம், சேவை எண்ணில் ஒரு இலக்கம் தவறியிருக்கலாம். மூல ஆணைகள் மேரிலாந்து காலேஜ் பார்க் ஆவணக்காப்பகத்தில், பதிவுத் தொகுதி 472-இல். நேரில் போக முடியாதவர்கள் கூலிக்கு ஆய்வாளர் வைத்துத் தேடலாம். அவரிடம் 'பர்ப்பிள் ஹார்ட் தேடுங்கள்' என்று சொல்லாமல், ஆஸ்பத்திரிப் பெயரும் சேர்ந்த தேதியிலிருந்து ஆறு வாரமும் கொடுங்கள்.

ஆணை கிடைத்துவிட்டால் வேலை கிட்டத்தட்ட முடிந்தது. வாரியம்கூட வேண்டாம், நிர்வாகத் திருத்தமாக டிடி 215 (டிடி 214-க்கான திருத்தத் தாள்) போட்டுவிடுவார்கள்.

கிடைக்காவிட்டால் டிஏ 20-ஐ விரியுங்கள். 40ஆம் கட்டம் 'காயங்கள்', 41ஆம் கட்டம் 'விருதுகள்'. 40 காலியாக இருந்தால் வாரியம் முதலில் அதைத்தான் சுட்டும். மனம் தளராமல் 38ஆம் கட்டத்துக்குப் போங்கள், பணியிட வரலாறு. பதவி என்ற பத்தியில் 'ரைஃபிள்மேன்' என்று வந்துகொண்டே இருக்கும் வரிசையில் திடீரென்று 'பேஷண்ட்' என்று ஒரு வரி, யூனிட் இடத்தில் ஜப்பான் ஆஸ்பத்திரிப் பெயர், பக்கத்தில் தேதி. அந்தத் தேதி கவர் ஷீட் தேதியோடு ஒத்துப்போனால், 40ஆம் கட்டம் காலியாக இருப்பது எழுத்தர் விட்டது என்று வாதாட இடம் கிடைக்கிறது.

இனி எதிரி. இரண்டு இடம்.

ஒன்று, கம்பெனியின் மார்னிங் ரிப்போர்ட். தினமும் யார் வந்தார், யார் போனார் என்று ஒரு தாள். 'பணியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு' என்ற வரியில் பெயரும் காரணமும் இருக்கும். இதுவும் செயின்ட் லூயிஸில்தான். கம்பெனி எழுத்து வரை யூனிட் பெயரும் மூன்று மாதத்துக்கு மிகாத கால எல்லையும் கொடுக்க வேண்டும். '25ஆவது டிவிஷன், 1969' என்று கேட்டால் யாராலும் தேட முடியாது.

இரண்டு, பட்டாலியனின் டெய்லி ஸ்டாஃப் ஜர்னல், டிஏ 1594 படிவம். இதுவும் தொகுதி 472. இதில் பெயர் இருக்காது, மணிக்கணக்கு இருக்கும்: இத்தனை மணிக்கு, இந்த வரைபடக் கட்டத்தில், 82 மில்லிமீட்டர் மோர்ட்டார் இத்தனை விழுந்தது, காயம்பட்டோர் இத்தனை, ஹெலிகாப்டர் கேட்ட நேரம் இது என்பது போல. அதே நாளில் கவர் ஷீட்டில் சேர்க்கை என்றால், எதிரியும் டாக்டரும் ஒரே தேதியில் சந்திக்கிறார்கள். பெயர் இல்லாத ஜர்னலும் எதிரி இல்லாத கவர் ஷீட்டும் தனித்தனியே பலவீனமானவை. சேர்த்து வைத்து, எது எதை நிரூபிக்கிறது என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதினால் பலம் வருகிறது.

#10 நர்ஸ்_தேவி

இடையில் ஒன்று. விடுவிப்பின்போது எடுத்த மருத்துவப் பரிசோதனை, எஸ்எஃப் 88, எஸ்எஃப் 89. முதலாவதில் தழும்பு, பச்சைக்குத்து, அடையாளங்கள் என்று ஒரு கட்டம் உண்டு. 'இடது தோள், 4 செ.மீ. தழும்பு' என்று டாக்டர் எழுதியிருந்தால் சேர்ப்புப் பரிசோதனையின் அதே கட்டத்தையும் பக்கத்தில் வையுங்கள். அங்கே தழும்பு இல்லை, இங்கே இருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் வந்தது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

இரண்டாவது படிவத்தில் நோயாளியே டிக் அடித்திருப்பார். சீக்கிரம் வீட்டுக்குப் போகவேண்டும் என்ற அவசரத்தில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' அடித்தவர்கள் நிறைய. அது எதிராக வந்தால் மறைக்காதீர்கள், விளக்கத்தில் சொல்லிவிடுங்கள்.

#11 ஓக்லஹோமா_ராசு

சாட்சிக் கடிதம் பற்றி யாரும் சொல்லவில்லையே. எச்ஆர்சி கேட்பது, காயப்பட்டவரைத் தவிர, சம்பவத்தை நேரில் அறிந்த இரண்டு பேரின் வாக்குமூலம். டிஏ 2823 படிவத்தில் எழுதலாம், அல்லது பொய்ச்சாட்சிக்கான தண்டனைக்கு உட்பட்டது என்ற வாசகத்தோடு சாதாரணத் தாளில் கையெழுத்திட்டும் தரலாம்.

கெடுவது எங்கே தெரியுமா? இரண்டு நண்பர்களும் ஒரே வாசகத்தை எழுதி அனுப்புவார்கள். குடும்பத்தார் டைப் செய்து கையெழுத்து மட்டும் வாங்கியது என்று முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். 'அவர் நல்ல வீரர், தகுதியானவர்' என்று இரண்டு பக்கம் எழுதினாலும் மதிப்பு பூஜ்யம். வேண்டியது இவ்வளவுதான்: நான் இன்ன கம்பெனியில் இன்ன பிளாட்டூனில் இருந்தேன், அன்று இத்தனை அடி தூரத்தில் இருந்தேன், மோர்ட்டார் விழுந்ததைப் பார்த்தேன், இவருடைய இடது தோளில் ரத்தம் பார்த்தேன், மெடிக் கட்டுப் போட்டார், ஹெலிகாப்டரில் ஏற்றினோம். எது கண்ணால் பார்த்தது, எது பிறகு கேள்விப்பட்டது என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். தேதி சரியாக நினைவில்லை என்றால் மாதத்தோடு நிறுத்தட்டும். ஊகித்த தேதி ஜர்னலோடு மோதினால் நல்ல சாட்சியும் கெட்டுப்போகும். சாட்சி சொல்பவர் தன் டிடி 214 நகலையும் இணைக்கட்டும், அதே இடத்தில் அதே காலத்தில் இருந்தார் என்பதற்கு.

வெறும் சாட்சிக் கடிதத்தை வைத்து மட்டும் ஜெயிப்பது அபூர்வம். மருத்துவத் தாள் ஒன்றாவது இருந்தால் அதைத் தாங்கிப் பிடிக்கும்.

#12 தம்பித்துரை_டெக்சாஸ்

இழை திசைமாறுவதற்கு மன்னிக்கவும். ஈராக், 2006, ஐஇடி (எதிரி செய்து வைக்கும் குண்டு) வெடிப்பு. வெளிக்காயம் கிடையாது, மூளை அதிர்வு. என் ஷிப்ட் தோழனுக்காகக் கேட்கிறேன், இதற்கும் உண்டா?

#13 சட்டக்கிளி

உண்டு, எதிரி வெடிப்பால் வந்த மூளை அதிர்வு விதியிலேயே இருக்கிறது. 2001 செப்டம்பர் 11-க்குப் பின் நடந்தவற்றுக்கு 2011இல் தரைப்படை தெளிவாகவே வரையறுத்தது. நினைவு தப்பியிருக்க வேண்டும், அல்லது மூளைச் செயல்பாட்டுக் குறையின் அறிகுறி நீடித்ததால் 48 மணி நேரத்துக்கு மேல் முழுப் பணியிலிருந்து விலக்கி வைத்திருக்க வேண்டும். அந்த 48 மணி நேரம் எழுத்தில் இருக்கிறதா என்பதில்தான் பெரும்பாலான கேஸ் தோற்கிறது. மெடிக் 'இன்று ஓய்வெடு' என்று வாயால் சொன்னது பதிவாகாது. எஸ்எஃப் 600 (சிகிச்சைக் குறிப்புத் தாள்), பணி விலக்குச் சீட்டு, வெடிப்பு நடந்த அன்றைய யூனிட் அறிக்கை, மூன்றையும் தேடச் சொல்லுங்கள். 2020 ஜனவரியில் ஈராக்கின் அல் அசாத் தளத்தின் மீது ஈரான் ஏவுகணை விழுந்தபோது முதல் சுற்றில் 29 பேருக்குத்தான் கிடைத்தது. மறுபரிசீலனையில் 2021 டிசம்பரில் இன்னும் 39 பேருக்கு வந்தது. காகிதம் சேர்ந்தால் முடிவு மாறும்.

பிடிஎஸ்டிக்கு (போரால் வரும் மன அதிர்ச்சி நோய்) இந்தப் பதக்கம் கிடையாது. ஏஜென்ட் ஆரஞ்ச் (வியட்நாமில் அமெரிக்கா தெளித்த களைக்கொல்லி), வெப்பத் தாக்கு, உறைபனிக் காயம் எதற்கும் இல்லை. நியாயமா என்று இங்கே சண்டை வேண்டாம், அதற்குத் தனி இழை இருக்கிறது.

#14 பாபு_சான்ஹோசே

மோர்ட்டார் விழும்போது பதுங்குகுழிக்குள் குதித்துக் கால் உடைந்தால்? எதிரியால் வந்ததுதானே?

#15 ஓக்லஹோமா_ராசு

வாதாடலாம், பெரும்பாலும் தோற்கும். எதிரி எந்த அளவுக்கு நேரடிக் காரணம் என்றுதான் பார்ப்பார்கள். எதிரி சுட்டு வீழ்த்திய விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்துக் கால் உடைந்தால் தகுதி உண்டு; சாதாரண பாராசூட் குதிப்பில் உடைந்தால் இல்லை. எதிரி வைத்த பொறியில் காலை வைத்தால் உண்டு. நம் ஆள் குண்டே தவறிப்பட்டாலும், எதிரியோடு சண்டை நடக்கும்போது என்றால் உண்டு.

#16 மிச்சிகன்_மருமகள்

எல்லாருக்கும் நன்றிங்க. எஸ்எஃப் 180 இரண்டும், விஏ படிவமும் இந்த வாரம் போகிறது. எச்ஆர்சி மறுத்தால் வாரியத்துக்குப் போக மூன்று வருடக் கெடு என்று டிடி 149-இல் பார்த்தேன். 1970 எங்கே, இப்போது எங்கே? அப்புறம், மாமனாருக்கு நினைவு தடுமாற ஆரம்பித்திருக்கிறது. கையெழுத்து யார் போடுவது?

#17 சட்டக்கிளி

மூன்று வருடம் என்பது தவறைக் கண்டுபிடித்த நாளிலிருந்து. அது கடந்திருந்தாலும், நீதியின் நலன் கருதி மன்னிக்க வாரியத்துக்கு அதிகாரம் உண்டு, படிவத்திலேயே அதற்குக் கேள்வி இருக்கிறது. அந்த இடத்தை வெற்றாக விடாதீர்கள். 'பதக்கம் கையில் கொடுக்கப்பட்டதால் பதிவும் ஆகியிருக்கும் என்று நம்பினார். இன்ன ஆண்டு இன்ன காரணத்துக்காக டிடி 214-ஐப் பார்த்தபோது தெரியவந்தது' என்று நடந்ததை நாலு வரியில் எழுதுங்கள். ஆதாரம் வலுவாக இருக்கும்போது தாமதத்துக்காக மட்டும் தள்ளுவது குறைவு.

வாரியம் என்பது மூன்று பேர் குழு, சிவிலியன்கள். காகிதத்தைப் பார்த்தே முடிவெடுப்பார்கள். நேரில் விசாரிக்கக் கேட்கலாம், உரிமையாகக் கிடைக்காது. வேறு பிரிவிடம் ஆலோசனைக் கருத்து வாங்கினால் நகல் உங்களுக்கு வரும், பதில் எழுத அவகாசம் தருவார்கள். அந்தக் கடிதத்தை அலட்சியமாக விடுகிறவர்கள் தோற்கிறார்கள். சட்டப்படி 10 மாதத்துக்குள் பெரும்பாலான கேஸ்களையும் 18 மாதத்துக்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். மறுத்தால், புதிய ஆதாரத்தோடு மறுபரிசீலனை கேட்கலாம். பழைய காகிதத்தையே கோபமான கடிதத்தோடு அனுப்பினால் திரும்பி வரும்.

வாரியத்தின் பழைய தீர்ப்புகள் பெயர் நீக்கி இணையத்தில் இருக்கின்றன. '12ஆவது எவாக்குவேஷன்', '40ஆம் கட்டம்' என்று தேடி, ஜெயித்த இரண்டும் தோற்ற இரண்டும் படியுங்கள். உங்கள் குறிப்பை அந்த மொழியிலேயே எழுத வரும்.

கையெழுத்து: தெளிவாக இருக்கும் நாளிலேயே எல்லாப் படிவத்திலும் அவரே போட்டுவிடட்டும், கூடவே பவர் ஆஃப் அட்டார்னியும். பிறகு முடியாமல் போனால் சட்டப் பிரதிநிதியாக மகன் போடலாம், பத்திரத்தின் நகல் இணைக்க வேண்டும். மருமகள் என்ற முறையில் நீங்கள் போட்டால் செல்லாது. அவருடைய சொந்த விவரணையையும் இப்போதே ஒரு பக்கத்தில் வாங்கிவிடுங்கள். அவர் சொன்ன வார்த்தையில் இருக்கட்டும், திருத்த வேண்டாம்.

#18 ஓக்லஹோமா_ராசு

உங்கள் கவுண்டியின் வெட்டரன்ஸ் சர்வீஸ் ஆஃபீசரை (முன்னாள் படைவீரர் உதவி அலுவலர்) பாருங்கள், காசு கிடையாது. பணம் கேட்டு 'பதக்கம் வாங்கித் தருகிறோம்' என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள்.

காங்கிரஸ் உறுப்பினர் அலுவலகம் வழியாக விசாரிப்பதில் தப்பில்லை. கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்று தெரியவரும். ஆதாரம் இல்லாத இடத்தில் அவர் கடிதம் ஆதாரம் ஆகாது.

#19 கோப்புப்_புழு

கடைசியாக, அனுமதி வந்தபிறகு. புது டிடி 214 அடித்துத் தரமாட்டார்கள். டிடி 215 என்று ஒரு திருத்தத் தாள் வரும், பழையதோடு சேர்த்தே வைத்துப் படிக்க வேண்டும். பெயரெழுத்து, சேவை எண், 24ஆம் கட்டம் என்ற குறிப்பு மூன்றும் சரியா என்று வந்த அன்றே பாருங்கள். விஏ தானாகத் தெரிந்துகொள்ளாது. நகல் எடுத்து சேர்க்கைப் பிரிவுக்குக் கொடுங்கள், சிகிச்சை முன்னுரிமை 3ஆவது பிரிவுக்கு ஏறும் (ஊனச் சதவீதத்தால் ஏற்கெனவே அதற்கு மேலே இருந்தால் மாற்றமில்லை). மூலத்தை எங்கேயும் தபாலில் விடாதீர்கள்.

ஜப்பான் ஆஸ்பத்திரிப் பெயர் தெரிந்ததும் இங்கே போடுங்கள். கேம்ப் டிரேக்கில் 249ஆவது, யோகோஹாமாவில் 106ஆவது என்று இரண்டு ஜெனரல் ஆஸ்பத்திரிகள் இருந்தன. டிஏ 20-இன் 38ஆம் கட்டத்தில் எது என்று இருக்கும், அதற்கேற்ப மூன்றாவது எஸ்எஃப் 180 எழுதிக்கொள்ளலாம்.